பின்னிருக்கைக் காற்று

ஆனி பிறந்ததும் அருப்புக்கோட்டைச் சீமையில் காற்று மேற்கேயிருந்து கிளம்பிவிடும். கேரளத்து மலைச்சரிவுகளில் மழையை இறக்கி வைத்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாக இப்பக்கம் இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அது. கரிசல் நிலம், ஆங்காங்கே சில பனைகள், ஓடைக்கரைகளில் அடர்ந்த சீமைக்கருவேலம். இவற்றைத் தவிர அதனை மறிப்பார் எவருமில்லை. அக்காற்றினூடே திருச்சுழிப் பக்கத்துக் கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்வது பல ஆண்டுகளாக நமது பணி. வாகனம் ஒரு பழைய புல்லட். பின்னிருக்கையில் நம் உபதேசியார். நம்மினும் பத்து வயது மூத்தவர்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ஏறக்குறைய நேர் கிழக்கே உள்ளது. போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நாம் ஓட்ட, காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகையில் நம் உடல் உணரும் காற்றின் வேகம் 20, வருகையில் 80. நான்கு மடங்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. ஆகவே அது 16 மடங்காகிவிடுகிறது. காலையில் பாடிக்கொண்டு போன சாலையில் நண்பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவதன் காரணம் இதுதான்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச் சாலையில் நிலைமை வேறு. அது வடக்குத் தெற்காக ஓடுவதால் காற்று விலாவில் அடிக்கும். தெற்கு நோக்கிச் செல்பவர் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து, காற்றுக்குத் தோள் கொடுத்தபடி ஓட்டுவார். அவ்வேளையில் துறைமுகத்துக்குச் செல்லும் லாரி ஒன்று வலப்புறமாக முந்தும். லாரியின் உடல் காற்றை மறைத்ததும், எதிர்த்துச் சாய்ந்திருந்த வண்டி லாரியின் பக்கமாகவே இழுபடும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் வந்து அறையும். புதியவர்கள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்கள். அது தவறு. இறுகிய கை உடலின் ஆட்டம் முழுவதையும் முன்சக்கரத்துக்கு அனுப்பிவிடும். முழங்கால்களால் பெட்ரோல் தொட்டியை அணைத்துக்கொண்டு கைகளைத் தளர விடவேண்டும். காற்றைக் காட்டிலும் காற்று நின்ற கணமே அபாயமானது என்பதை நாம் கற்றது அச்சாலையில்தான். ஆயினும் நாம் சொல்ல வந்தது வேறு.

ஐம்பதைத் தாண்டிய நெஞ்சும் கழுத்தும் அந்தத் தள்ளுவிசையைத் தாங்க மறுத்தன. மதுரையில் காற்றுத்தடுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி வண்டியின் முன் பொருத்தினோம். நெஞ்சுக்கு உடனே அமைதி கிடைத்தது. தலைக்கோ புதிய வேதனை. தலைக்கவசத்தை யாரோ இரு கைகளாலும் பிடித்து மாறி மாறி ஆட்டுவதுபோல் ஒரு நடுக்கம். காதினுள் ஓயாத முரசொலி. காற்றைத் தடுத்த பின்னர் ஏன் இந்தத் துன்பம் என்று விளங்கவில்லை. நம் ஊர் மெக்கானிக் இளைஞரிடம் கேட்டோம். “வெறும் ரோட்டுல, நேரா போறப்ப, ஃபுட்ரெஸ்ட்ல லேசா எந்திரிச்சுப் பாருங்க சாமி” என்றார். அவ்வாறே செய்தோம். தலை ஒரு சாண் உயர்ந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. காற்று பலமாகவே முகத்தில் மோதியது. ஆனால் சீராக மோதியது. உட்கார்ந்தோம், நடுக்கம் திரும்பியது. நம்மை வருத்தியது காற்று அன்று, கண்ணாடியின் விளிம்பில் உடைந்து சுழன்ற காற்று.

களத்தில் தூற்றுபவர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது. வைக்கோற்போரின் மறைவிலோ சுவரின் பின்னாலோ நின்று எவரும் தூற்றுவதில்லை. அங்கே காற்று குறைவு என்பது மட்டுமன்று. அது சுழன்று வந்து பதரை மணியின்மேலேயே கொட்டிவிடும்.

ஒரு பொருளின் பின்னால் காற்றோ நீரோ இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்ப்பதைக் கணக்கினால் விளக்கியவர், ஹங்கேரியில் பிறந்த தியோடர் வான் கார்மன். ஆண்டு 1911. அச்சுழல்களைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. இத்தாலியின் பொலோஞா நகரத்துக் கோவில் ஒன்றில் உள்ள பழைய ஓவியத்தையே முன்னோடியாகக் காட்டினார். பாலன் இயேசுவைத் தோளில் சுமந்து புனித கிறிஸ்தோபர் ஆற்றைக் கடக்கும் காட்சி அது. அவருடைய வெறுங்காலின் பின்னால் நீர் மாறி மாறிச் சுழிப்பதை ஓவியர் தீட்டியிருந்தாராம். பயணிகளின் பாதுகாவலர் என்று நாம் அவரது சுருபத்தை வாகனங்களில் ஒட்டிவைக்கிறோம். அவர் காலடியில் இப்படி ஒரு பாடம் கிடந்ததை அறியோம். நம் திருச்சுழியின் பெயரிலேயே சுழி உண்டு. ஊரை மூழ்கடிக்க வந்த பெருவெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்து உள்வாங்கச் செய்தார், வெள்ளம் சுழித்து இறங்கியதால் அப்பெயர் வந்தது என்பது அவ்வூர்த் தல வரலாறு. அங்கே சுழி வெள்ளத்தை விழுங்கிவிட்டது. நம் கண்ணாடியின் பின்னால் எழுந்த சுழல் எதையும் விழுங்கவில்லை.

காரணம் தெரிந்ததும், இன்னும் உயரமான கண்ணாடியாக வாங்கி மாட்டினோம். சுழல் நம் தலைக்கு மேலே சென்றுவிட்டது. இரண்டு ஆடி மாதங்கள் நிம்மதியாகக் கழிந்தன. அக்காலத்தில் உபதேசியாரிடம் ஒரு மாற்றம். “நான் பஸ்ல வந்துர்றேன் சாமி” என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார். அவ்வழியே பேருந்துகள் நினைத்த நேரத்துக்குக் கிடைப்பதில்லை. சில ஞாயிறுகளில் வாசகங்கள் முடிந்த பிறகே வந்து சேர்ந்தார். ஊக்கம் குறைந்துவிட்டது என்று நாம் முடிவு செய்தோம். மக்கள் முன்னிலையிலேயே ஒருமுறை கடிந்தும் கொண்டோம். அவர் தலைகுனிந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆடியில் நமக்கு மணிக்கட்டு பிசகியது. உபதேசியாரின் மகன் வண்டியை ஓட்ட, முதன்முறையாக நாம் பின்னிருக்கையில் அமர்ந்தோம். திருச்சுழியிலிருந்து மேற்கே திரும்பிய ஐந்தாவது நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நம் தலைக்கு மேலே சென்றுவிட்டதாக நாம் மகிழ்ந்த சுழல், சற்று உயர்ந்த பின்னிருக்கையில் இருப்பவரின் தலையில் நேராக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத நாட்களில் ஓட்டுபவரின் முதுகாவது அவருக்கு ஓரளவு மறைப்பாக இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பின்னிருப்பவரையும் தலைக்கவசம் அணியச் சொல்கிறது, அது சரியே. ஆனால் உடைந்த காற்றில் அக்கவசம் கிணற்றில் இடிபடும் வாளிபோல் ஆடுகிறது. உபதேசியாருக்குக் கழுத்தெலும்புத் தேய்வு இருப்பதை அன்று அவர் மகன் சொல்லித்தான் அறிந்தோம்.

நாம் குற்றவாளியா? குருமடத்தில் கற்ற அறநெறி இறையியல் உடனே துணைக்கு வந்தது. ஒரு நற்செயலுக்கு நாம் நாடாத தீய விளைவும் நேரலாம். நோக்கம் நல்லதாகவும், தீமை நன்மைக்கு வழியாக அமையாததாகவும், இரண்டும் தகுந்த அளவில் நிற்பதாகவும் இருந்தால் அச்செயல் அனுமதிக்கப்படும் என்பார்கள். உடல்நலம் காத்தல் நற்செயல். உபதேசியாரின் கழுத்து நாடாத விளைவு. வாதம் அழகாகவே நின்றது. ஆனால் அதே பாடநூல்களில் அறியாமையைப் பற்றியும் ஓர் இயல் உண்டு. வெல்ல இயலாத அறியாமை குற்றமாகாது. முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை அப்படியன்று. நம் அறியாமையை வெல்ல எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது? “உபதேசியாரே, பின்னால் எப்படி இருக்கிறது?” என்ற ஒரே கேள்வி. நடுக்கத்தின் காரணத்தை அறிய மெக்கானிக்கைத் தேடிப் போனோம், சாலையில் எழுந்து நின்றும் பார்த்தோம். நம் தலை ஆடும்வரை ஆராய்ச்சி செய்தோம். நம் தலை நின்றதும் ஆராய்ச்சியும் நின்றுவிட்டது.

அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சாமியிடம் குறை சொல்லும் வழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. அந்த மரியாதையே நமக்கு இன்னொரு கண்ணாடியாக இருந்திருக்கிறது. பங்கில் மக்களின் மனத்தாங்கல் எதுவாயினும், “முதலில் உபதேசியாரிடம் சொல்லுங்கள்” என்பது நம் பழைய உத்தரவு. அந்தக் காற்றும் அவர் தலையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கடன்காரர் வரும் நேரம் பார்த்து வெளியே போய்விடும் குடும்பத் தலைவர்களை நாம் அறிவோம். வாசலில் நின்று பதில் சொல்பவர் மனைவி. அவர்களுக்கு அறிவுரை கூறியும் இருக்கிறோம்!

அப்படியானால் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட வேண்டுமா? முதலில் அப்படித்தான் தோன்றியது. நெஞ்சில் வாங்கும் காற்று தவமாகாதா என்று கூட எண்ணினோம். ஆனால் களைத்த ஓட்டுநர் பின்னிருப்பவருக்கும் ஆபத்தானவர். இங்கே கிராமங்களில் வெளியடுப்புக்கு ஓலைத்தட்டி சாத்துகிறார்கள். தட்டியின் கீற்றுகளுக்கிடையே கொஞ்சம் காற்று புகுந்து வரும். அதனால்தான் அதன் பின்னால் அடுப்பு அமைதியாக எரிகிறது. இடைவெளியற்ற பலகையை வைத்தால் தீ நாலாபக்கமும் அலையும். வயல்களுக்குக் காற்றரண் நடுவோரும் மதிலைப்போல் நெருக்கி நடுவதில்லை. பாதியளவு காற்றை ஊடே விடும் மர வரிசையே அதிகத் தொலைவுவரை பயிரைக் காக்கும். மறைப்பின் பின்னால் காற்றழுத்தம் குறைந்துபோவதால்தான் சுழல் உள்ளே இழுக்கப்படுகிறது. சிறிது காற்றை ஊடே விட்டால் இழுப்பு தணியும்.

மெக்கானிக் இளைஞரிடம் மீண்டும் போனோம். உயரமான கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழைய குட்டைக் கண்ணாடியையே மாட்டினார். அதையும் நான்கு விரற்கடை இறக்கி, அடியில் ஓர் இடைவெளி விட்டுப் பொருத்தினார். இப்போது தோளிலும் முகத்திலும் காற்று விழுகிறது, சீராக விழுகிறது. மேற்கே திரும்பும்போது 40-க்குமேல் ஓட்டுவதில்லை. கழுத்து இரவில் வலிக்கத்தான் செய்கிறது, தைலம் தேய்த்துக்கொள்கிறோம்.

உபதேசியாரிடம் மன்னிப்புக் கேட்டோம். கடிந்துகொண்டது மக்கள் முன்னிலையில் என்பதால், கேட்டதும் அங்கேயே. அவர் மிகவும் சங்கடப்பட்டார். அடுத்த ஞாயிறு பின்னிருக்கையில் ஏறினார். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, “இப்போது எப்படி இருக்கிறது, உபதேசியாரே?” என்று கேட்டோம். வழக்கமான பதிலையே எதிர்பார்த்தோம். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, தலைமுடியைக் கோதிவிட்டு, சற்று யோசித்துச் சொன்னார்: “முன்னைக்கு இப்பப் பரவாயில்லை சாமி. இன்னுங் கொஞ்சம் மெதுவாப் போனா நல்லாருக்கும்.”