இசையும் எழுத்தும்

எழுத்தறியாச் சிறார்க்குப் பாட்டின் வாயிலாக வாசிக்கக் கற்பித்தல் தக்கதோ என்னும் வினா ஆராயற்பாலது. செவியில் விழுந்ததை நா திருப்பிச் சொல்லுதல் வாசிப்பாகுமோ என்பர் ஒருசாரார். பாட்டில்லாப் பாடம் பிள்ளைகட்குப் பாரமேயாம் என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றினும் உண்மை உண்டு.

தமிழெழுத்தின் இயல்பை முதற்கண் நோக்குக. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என வகுத்த தொல்காப்பியர், கண்ணிமையையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினார். ஆகலின் எழுத்தென்பது வடிவு மட்டுமன்று. காலத்தை அளந்து ஒலிப்பதுமாம். 'படு' என்பதும் 'பாடு' என்பதும் ஒரு மாத்திரையளவாற் பொருள் வேறுபடுகின்றன. இதனை இலக்கண விதியாகச் சொல்லின் 5 வயதுக் குழந்தை உணராது. தாளமிட்டுப் பாடக் கேட்பின் எளிதில் உணரும். ஔவையார் ஆத்திசூடியை எழுத்து வரிசையில் அமைத்தமையும் அவ்வரிசை சிறார் நாவில் நிலைத்தற்கு உதவிற்று.

அற்றேல், பாட்டொன்றே அமையுமோ எனின், அமையாது. முழுவதும் பிழையின்றிப் பாடுங் குழந்தையிடம் நடுவிலுள்ள ஓரெழுத்தைச் சுட்டிக் கேட்பின், முதலிலிருந்து பாடிவந்தே அதனைச் சொல்லுதல் உண்டு. ஆண்டுக் கற்றது செவி, கண் கற்றிலது. இன்னோசையில் மகிழ்ந்து ஆசிரியன் இதனைக் காணாது விடுவானாயின், அப்பிள்ளை பின்னர்ப் புதிய நூலொன்றைக் கையிலேந்தி வாயடைத்து நிற்கும். அவ்விழுக்குப் பிள்ளையதன்று, ஆசிரியனதே.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை சொல்ல ஏனையோர் ஒருங்கே ஓசையெழுப்பிச் சொல்லினர். சொல்லும்போதே விரலால் மணலில் எழுதினர். செவி, நா, கண், கை என்னும் நான்கும் ஓரெழுத்தின்கண் ஒன்றுகூடின. மணலை விட்டு ஓசையை மட்டுங் கொள்ளின், அம்முறை வெறும் நெட்டுருவேயாம். ஆகலின் ஆசிரியன், பாடும்பொழுதே ஒவ்வோரெழுத்தையும் சுட்டிக் காட்டுக. பின்னர் முறைமாற்றிக் கேட்க. அதன்பின், பாட்டில் வாராத புதுச்சொல்லை எழுதிக்கொடுத்து வாசிப்பிக்க.

மாயையின் காரியமாகிய உடலுங் கருவிகளும் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காய் உதவும் என்பது சித்தாந்தம். எழுத்தறியாக் குழந்தைக்குப் பாட்டும் அத்தகையதே. விடியுமுன் விளக்கை அவிப்பதும் தவறு. விளக்கொளியே விடிவென்று மயங்குவதும் தவறு. எழுத்து கண்ணுக்குப் புலனாகிய பின்னர், அப்பிள்ளை துணையின்றித் தானே வாசிக்கும். அந்நிலையில் திருமுறையை விரித்துப் பாடுமாயின், அது பிறர் வாய்ச்சொல்லைத் திருப்பிச் சொல்லுதலாகாது. தான் கண்டு பாடுதலேயாம்.