அசிசி சொன்ன பொய்

இத்தாலியின் உம்பிரியா மலைச்சரிவில் உள்ள அசிசி, புனித பிரான்சிஸ் பிறந்த ஊர். 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை இத்தாலியைப் பிடித்ததும், உயிர் தப்பி ஓடிவந்த யூதர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆயர் ஜூசெப்பே நிக்கொலீனி மடங்களின் கதவைத் திறந்துவிடச் செய்தார்.

ஒளித்து வைத்தால் மட்டும் போதுமா? அச்சகக்காரர் லூயிஜி பிரீட்சியும் அவர் மகனும் போலி அடையாள அட்டைகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அவற்றில் போட்ட சொந்த ஊர்கள், நேச நாடுகளின் வசம் போய்விட்ட தென் இத்தாலியில் இருந்தவை. ஜெர்மானியர் அங்கே விசாரித்துச் சரிபார்க்க வழியில்லை.

துறவிகள் பொய்க்குத் துணைபோகலாமா?

கத்தோலிக்க மரபிலேயே இதற்குக் கறாரான பதில் உண்டு. எந்தப் பொய்யும் பாவமே என்றார் புனித அகஸ்டின். அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுக்கவும் மறுத்து, பொய் சொல்லவும் மறுத்துச் சித்திரவதையைத் தாங்கிய ஃபிர்முஸ் என்ற ஆயரை அவர் மெச்சி எழுதினார். ஆனால் ஃபிர்முஸ் காத்தது ஒருவனை. அசிசி காத்தது சுமார் 300 பேரை. இங்கே ஆயர் வாய்மூடி நின்றிருந்தால் அடி அவர்மேல் மட்டுமா விழுந்திருக்கும்? மடம் மடமாகச் சோதனை போட்டிருப்பார்கள். விளையும் நன்மையை வைத்து வாய்மையை அளந்த வள்ளுவர், இந்த வழக்கில் நிக்கொலீனியின் பக்கமே நின்றிருப்பார்.

பிறர் உயிருக்காகத் தன் உடம்பைக் கொடுப்பது பெரிது. அதற்காகத் தன் புண்ணியக் கணக்கையே பணயம் வைப்பது அதைவிடப் பெரிது. நிக்கொலீனியை இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம் 1977இல் கௌரவித்தது.