பழைய பெயரும் புதிய உருவும்

வழிவழி வந்த ஒன்றை அடியோடு மாற்றியமைத்த பின்னரும் அதனைப் பழைய பெயராலேயே வழங்குதல் முறையாகுமா? கூத்து, இசை, சடங்கு ஆகிய எல்லாவற்றிலும் எழும் இவ்வினாவை அழகியல் வினாவாக மாத்திரம் கொள்வோர் பலர். எனினும், பெயர் என்பது ஒருவகை வாக்குறுதி. அதனை நம்பி வருவோர்க்கு வேறொன்றை வழங்குதல் வஞ்சனையாகலாம். ஆதலின் இஃது ஒழுக்கவியல் வினாவுமாகும். மெய்யியல் மாணவர் பெரிதும் நாடாத ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுதாரணம் 1996 இல் யப்பானில் வெளிவந்த 'சுப்பர் மரியோ 64' என்னும் கணினி விளையாட்டு.

நின்டெண்டோ நிறுவனத்தின் மரியோ என்னும் பாத்திரம் 1981 இல் 'டொங்கி கொங்' விளையாட்டிலே தோன்றியது. 1985 இல் வந்த 'சுப்பர் மரியோ பிறதர்ஸ்' அதற்கோர் இலக்கணம் வகுத்தது. தட்டையான திரை, இடமிருந்து வலமாக ஓட்டம், குறைந்துகொண்டே செல்லும் நேரம், கட்ட முடிவிற் கொடிக்கம்பம் என்பன அவ்விலக்கணத்தின் கூறுகள். திரையிலிருந்து மறைந்த இடத்துக்கு மீளவும் இயலாது. அடுத்து வந்தவை இவ்விதிகளைத் தளர்த்தினவெனினும் பக்கவாட்டுப் பாதையைக் கைவிடவில்லை.

சிகெரு மியமோட்டோவின் நெறியாள்கையில் உருவான 1996 ஆம் ஆண்டின் விளையாட்டோ அப்பாதையையே நீக்கிற்று. கோட்டையொன்றின் ஓவியங்கள் முதலியவற்றினூடாக நுழையும் 15 முப்பரிமாண உலகங்கள் அமைந்தன. கட்டந்தோறும் நெருக்கிய நேரக் கணக்கும் கொடிக்கம்பமும் மறைந்தன. 120 நட்சத்திரங்களுள் 70 ஐப் பெற்றோர்க்கு இறுதிப் போர் திறக்கும். அவற்றைப் பெரும்பாலும் ஆடுபவரே தெரிந்துகொள்ளலாம்.

அவ்வாறாயின் எஞ்சியது யாது? காரியம் காரணத்தினுள் முன்னரே உள்ளது என்னும் சற்காரியவாதம் இங்கு துணைசெய்யும். 1985 இன் விளையாட்டில் பொத்தானை அழுத்தும் நேரத்துக்கேற்பப் பாய்தலின் உயரம் மாறும். ஓடிவந்து பாய்ந்தால் தூரம் கூடும். உடலின் வேகத்தைக் கணித்து வெளியைக் கடத்தல் என்னும் இக்கூறே முப்பரிமாணத்தில் விரிந்தது. ஓடியவாறு அடுத்தடுத்துப் பாயின் மூன்றாம் பாய்தல் மிக உயர்கின்றது. கைப்பிடியிலுள்ள சிறு நெம்புகோலை மெல்லச் சாய்த்தால் மரியோ அடிமேல் அடிவைத்து நடக்கின்றான். உறங்கும் ஊனுண்ணிச் செடி விழிப்பதில்லை. வேகத்தை அளந்து பயன்படுத்தும் பழைய திறனே இங்கும் வேண்டப்படுகின்றது.

ஈண்டு ஒரு தடை நிகழும். எம்மாற்றத்துக்கும் ஏதோ ஒரு வித்தைப் பழையதிற் காட்டிவிடலாமன்றோ? பெயரின் விலையை மட்டும் நாடும் வணிகனும் அவ்வாறே வாதிப்பான். இத்தடை வலிமையுடையது. வித்து உண்டு என்பது மட்டும் போதாது. பழையதை நேசித்தவர் தாம் பெற்ற பயிற்சியைப் புதியதிற் பயன்படுத்த முடிகின்றதா என்பதே தக்க சோதனை எனலாம். மரியோவின் பாய்தல் இச்சோதனையில் தேறுகின்றது.

ஆயினும் இழப்பு இல்லையெனல் பொய். பழைய பாதை யாவர்க்கும் ஒரே சோதனையை ஒரே ஒழுங்கில் வைத்தது. எப்பள்ளத்தில் வீழ்ந்தாய் என ஒருவரையொருவர் வினவக்கூடிய அப்பொது அனுபவம் புதியதிற் குன்றிற்று. கமராவைத் திருப்பும் சுமையும் ஆடுபவர்மேல் வந்தது; சிலபோது சுவரே பார்வையை மறைக்கும். முன்னர் முகிலிலிருந்து முட்களை எறிந்த பகைவனாகிய லகிற்று, இங்கே கமராவை ஏந்திவருபவனாகத் தொடக்கத்திலேயே காட்டப்படுகின்றான். பார்வை முறை மாறியதை ஆக்கியோர் ஒளிக்கவில்லை என்பதற்கு இது சான்று. பழைய வடிவமும் மாளவில்லை: 2006 இல் 'நியூ சுப்பர் மரியோ பிறதர்ஸ்' பக்கவாட்டுப் பாதைக்கு மீண்டது.

மரபைக் காப்போம் என்பாரும் உடைப்போம் என்பாரும் பெரும்பாலும் உருவைப் பற்றியே வாதிடுகின்றனர். மாற்றுபவன் முதலில் அறியவேண்டியது, தான் பெற்ற பொருள் மனிதரிடம் எத்திறனை வளர்த்தது என்பதே. அதனை அறிந்து, விட்டதை விட்டேன் என ஒப்பி, நேசித்தவர்க்கு அத்திறனை மீண்டும் வழங்குவானாயின் பழைய பெயரைச் சூட அவனுக்கு உரிமையுண்டு. அஃதறியாது உருவை மட்டும் பேணுபவனுக்கும் அவ்வுரிமை உண்டா என்பது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கற்பாலது.