நீலச் சட்டையும் காப்புக் கயிறும்

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்துச் சிலமலையிலும் போடியிலும் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும் பெருகிவிடும். விடியுமுன் ஜீப்பில் ஏறி போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற தொழிலாளியானாலும் சரி, நகரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வியாபாரியானாலும் சரி, சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து இருவருக்கும் ஒரே பெயர்தான்: சாமி. வயதில் மூத்தவரும் அப்படித்தான் கூப்பிடுவார். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் மஞ்சளுக்கு மாறுவார்கள். தீச்சட்டி எடுக்கும் வரை அந்தத் துணியோடு சில உணவுகள் விலகும், சில பேச்சுகள் நிற்கும், வீட்டுக்குள் படுக்கும் இடம்கூட மாறும். 2025-இல் அதே கார்த்திகை மாதத்தில் இன்னொரு நீலமும் தமிழ்நாட்டுக்கு வந்தது. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. இந்திய அணியின் நிறத்தில் சட்டை, முகத்தில் மூவண்ணம், கையில் போன், உடனுக்குடன் பதிவு என்று ரசிகர் கோலமும் அதனுடன் வந்தது. அந்த நீலத்தையும் இந்த நீலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வி பழையது. உடலில் தரிக்கும் அடையாளத்துக்கும் உள்ளத்து அன்புக்கும் என்ன உறவு? ஆட்டத்தின் மீது வைக்கும் அன்பில் எது உண்மை, எது வெறும் கோலம்?

இதற்குத் தமிழில் உடனே கிடைக்கும் விடை சித்தர் மரபின் விடை. புறச்சின்னம் வீண், உள்ளே இருப்பதே மெய் என்பது அது. அதன் கடுமையில் நியாயம் உண்டு. ஆனால் ரசிகர் உலகில் அதைப் பொருத்தினால் வசதியான ஒரு சோம்பலுக்கு அது இடம் கொடுத்துவிடும். மைதானத்துக்கே போகாதவர்கூட, மனத்தில் ஹாக்கியை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் மறுக்க முடியாது. பெரிய புராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதைவிட ஆழமாகப் போகிறது. திருக்கோவலூர் அரசரான அவரை வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, சிவனடியாராக வந்து, ஏட்டுக் கட்டுக்குள் ஒளித்த கத்தியால் குத்தினான். குத்துண்ட அரசரோ, மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, அந்த வேடத்தில் இருப்பவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லை கடத்திவிட்டு வரச் சொன்னார். இருவர் மீதும் இருந்தது ஒரே நீறுதான். ஒருவனை அது எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. மற்றவரை உயிர் போகும் வரை கட்டுப்படுத்தியது. அடையாளம் மெய்யா பொய்யா என்பதற்கு உள்ளத்தின் சூட்டையோ துணியின் விலையையோ பார்த்துப் பயனில்லை. அதை அணிந்தவர் எதற்குக் கட்டுப்பட்டார் என்று பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்.

இதைச் சோதிக்க ஹாக்கியைவிடப் பொருத்தமான ஆட்டம் நம் நாட்டில் இல்லை. கிரிக்கெட்டில் வெற்றியும் விளம்பரமும் கூட்டமும் ரசிகரைத் தாமே தூக்கிச் சுமக்கின்றன. ஹாக்கியில் அறிவித்த அன்புக்கும் வாழ்ந்த அன்புக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது. தேசிய விளையாட்டு எது என்று கேட்டால் ஹாக்கி என்று பல தலைமுறைகள் பள்ளியில் ஒப்பித்தோம். 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் தந்தது. எங்கும் எழுதப்படாத ஒன்றை வேதம்போல் ஓதியிருக்கிறோம். 1928-இல் தொடங்கி 1980 வரை ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம். கடைசித் தங்கம் மாஸ்கோவில், தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வந்தது. பிறகு 41 ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2008-இல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே முடியாமல் போனது. அந்த ஆண்டுகளிலும் ஹாக்கி மேதை தியான்சந்தின் பிறந்தநாளான ஆகஸ்ட் 29 வந்தால் அவருக்கு மாலை விழுந்தது. மாலை போட்டதில் குறையில்லை. அடுத்த நாள் காலை எந்தத் திடலில் எத்தனை பேர் மட்டையோடு நின்றார்கள் என்பதை அந்த மாலை நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்லக்கூடிய ஊர் ஒன்று தெற்கே இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற கோவில்பட்டியை ஹாக்கிப்பட்டி என்றே அழைப்பார்கள். இந்தியா தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் அங்கே மண் திடலில் கழகங்கள் ஆடின. பிள்ளைகள் பழைய மட்டையை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினார்கள். பின்னால் செயற்கைப் புல் திடல் வந்தது. மே மாதத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது வெளிமாநில அணிகளின் ஆட்டத்துக்கும் கூட்டம் உட்காருகிறது. சொந்த அணி இல்லாத ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பவரை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் பார்க்க வந்திருப்பது ஹாக்கியை. அந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி அடித்த கோல் அன்று செய்தியானது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளின் வெயில் செய்தியாகவில்லை. கோவில்பட்டியில் நீலச் சட்டை எத்தனை விற்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்த ஊர் ஆட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது.

கட்டுப்பாடு இல்லாத பற்று எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் சாட்சி. டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். ஊடகமெங்கும் அவர் படம். சில நாள் கழித்து, ஆகஸ்ட் 4-இல், அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி 1–2 என்று தோற்றது. அன்று ஹரித்வார் அருகே அவர் வீட்டுக்கு முன் சிலர் பட்டாசு வெடித்து, தலித்துகள் அதிகம் இருந்ததால்தான் அணி தோற்றது என்று கூச்சலிட்டதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள், கைதுகளும் நடந்தன. அவர்கள் ரசிகர்களே இல்லை என்று ஒதுக்கிவிடலாம் என்பார்கள். அப்படி ஒதுக்குவது நமக்கு ஆறுதல் தரும், உண்மைக்கு உதவாது. நாட்டின் தோல்வி என்ற பெயரைச் சொல்லித்தான் அவர்கள் அந்த வாசலில் நின்றார்கள். நாட்டின் பெயரும் கொடியும் எவர் கைக்கும் கிடைக்கும், முத்தநாதனுக்குத் திருநீறு கிடைத்ததைப் போல. ஆட்டக்காரரைத் தோல்வியிலும் காப்பேன் என்ற கட்டு இல்லாதபோது, முதல் வாரம் பூமாலையாக இருந்தது அடுத்த வாரம் கல்லாகிவிடுகிறது. சமூக ஊடகம் இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரத்தைச் சுருக்கிவிட்டது. இதற்கு எதிர்த்திசையில் ஒரு சாட்சியும் நம்மிடம் உண்டு. ஹாக்கி இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் இந்தியாவை வென்றபோது, திடல் முழுதும் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கை தட்டியது. ஆட்டத்துக்குக் கட்டுப்பட்ட கூட்டம் தன் அணி தோற்ற நாளில் என்ன செய்யும் என்பதை அந்த மாலை காட்டியது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். மலைக்குப் போய் இறங்கவே பொழுது சாய்ந்துவிடுகிறவரிடம் திடலுக்கு வா, வெயிலில் உட்கார் என்பது எளிதா? சிலமலையிலிருந்து சர்வதேச ஹாக்கியைப் பார்க்கப் போன் திரையை விட்டால் வேறு வழி நெடுங்காலம் இருந்ததில்லை. 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் பெயரில் அணி வந்தது. அந்தப் பருவத்தின் ஆடவர் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. பெயர் இங்கே, திடல் அங்கே. பிறகு திரையில் பார்ப்பவரின் அன்பை எப்படிக் குறைத்துச் சொல்ல முடியும்? குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே பெரிய புராணத்தில் பூசலார் இருக்கிறார். திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல் மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் அரசன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாக அமைந்தபோது, இறைவன் அரசனிடம் நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். உள்ளத்து அன்பே போதும் என்பதற்கு இக்கதையைச் சான்று காட்டுவது வழக்கம். பூசலார் செய்ததைக் கவனித்தால் வேறொன்றும் தெரியும். அவர் மனத்தில் கல் தேடினார், அடித்தளமிட்டார், சிகரம் எடுத்தார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார், நாள் குறித்தார். அது நெடுநாள் உழைப்பு. திரையில் பார்ப்பவரும் அப்படி உழைக்க முடியும். பெனால்டி கார்னரில் முதலில் ஓடி வந்து பந்தை உடலால் மறிக்கும் தடுப்பாட்டக்காரரின் பெயர் தெரிந்தவர், கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுப்பது ஏன் என்று புரிந்தவர், மகளிர் ஆட்டத்துக்கும் அதே கண்ணோடு உட்காருபவர், சிலமலையில் இருந்தாலும் திடலில் இருப்பவர்தான். டோக்கியோ வெண்கலத்துக்குப் பிறகு கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் படத்தைப் பகிர்ந்ததோடு நின்றுவிட்டவர், டிக்கெட் வாங்கித் திடலுக்கே வந்தாலும், இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

இன்னொரு மறுப்பு, சட்டை ஒரு வியாபாரச் சரக்கு, அதில் என்ன விரதம் என்பது. காப்புக் கயிறும் மஞ்சள் துணியும் கடையில்தான் விற்கின்றன. விற்பதால் நேர்த்தி கெடுவதில்லை. 2018 முதல் இந்திய ஹாக்கி அணிகளின் சட்டையில் ஒடிசா என்ற பெயர் இருக்கிறது. ஒரு மாநில அரசு ஆதரவாளராக வந்து நிலைத்து நின்ற அந்த ஆண்டுகளில்தான் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஆடவர் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அதைக் காசின் அழுக்கு என்று தள்ள எனக்கு மனமில்லை. என் குறை வேறு இடத்தில். 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் என்று ஓர் அணி இருந்தது. 2008-உடன் அந்த லீக் முடிந்தது. 2012-இல் உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் வந்தது. அது ஒரே பருவம். இப்போது டிராகன்ஸ். இருபது ஆண்டுகளுக்குள் மூன்று பெயர், மூன்று சின்னம். வீரன்ஸ் சட்டையை ஆசையாக வாங்கிய சிறுவன் இன்று அதை எதன் அடையாளமாக வைத்திருப்பான்? கட்டு இரு பக்கமும் வேண்டும். ரசிகரிடம் நிலைத்த அன்பைக் கேட்கிற அமைப்பு, பெயரையாவது நிலையாக வைத்திருக்கக் கடமைப்பட்டது. கம்பம் நடாமல் திருவிழாவுக்கு ஆள் கூப்பிடுவதில்லை நாம்.

ஆட்டத்தையும் அம்மனையும் ஒரே தட்டில் வைப்பது அபசாரம் என்று சிலர் வருந்தக்கூடும். நான் ஆட்டத்தைத் தெய்வமாக்கவில்லை. மனித மனம் ஒன்றைப் பற்றிக்கொள்ளும் முறை கோயிலுக்கு ஒன்று, திடலுக்கு ஒன்று என்று இரண்டாக இல்லை. நேர்த்தி என்றால் என்ன என்று அறிந்த ஊருக்கு, ஒரு சட்டை என்ன கேட்க வேண்டும் என்று புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பிற பகுதி ரசிகரைவிட நம்மிடம் இதை எதிர்பார்க்கலாம் என்றே நினைக்கிறேன்.

அதனால் சட்டை வாங்காதீர்கள், படம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், போடுங்கள், அதோடு ஒரு கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சட்டை உடம்பில் இருக்கும்வரை எந்த ஆட்டக்காரரின் சாதியையும் மதத்தையும் பெற்றோரையும் இழுத்து ஒரு சொல் எழுதுவதில்லை என்று முடிவெடுங்கள். அணி வென்ற நாளில் எழுதியவர், தோற்ற நாளிலும் எழுதுங்கள். 2025 ஜூனியர் உலகக் கோப்பையில் நம் பிள்ளைகள் ஓமனை 17–0 என்று வென்றார்கள். மதுரையில் சுவிட்சர்லாந்தை 5–0 என்று வென்றார்கள். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 என்று தோற்றார்கள். தோற்ற மூன்றாம் நாள் அர்ஜென்டினாவுக்கு எதிராக 4–2 என்று ஆடி வெண்கலம் எடுத்தார்கள். அந்த மூன்று நாளும் அவர்களோடு இருந்தவருக்கே அந்த வெண்கலத்தில் பங்கு உண்டு.

போட்டி முடிந்துவிட்டது, மதுரை ரேஸ்கோர்ஸ் திடலின் செயற்கைப் புல் அங்கேயே இருக்கிறது. இனி அங்கே உலக அணிகள் அடிக்கடி வராது. பள்ளி, கல்லூரி, மாவட்ட அணிகள்தான் ஆடும். 2023 ஜூனிலிருந்து போடிக்கும் மதுரைக்கும் இடையே மீண்டும் ரயில் ஓடுகிறது. கோப்பை எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் தெரியாத இரண்டு அணிகள் ஆடும் நாளில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் முழு ஆட்டத்தையும் பாருங்கள். தோற்ற அணியில் நன்றாக ஆடிய ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.