பொய்ப் பெயரும் மெய்ச் சொல்லும்

ஒரு நடிகையின் திறமை வீணாகிவிட்டது என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் கணக்குத்தான் பார்க்கிறோம். கதாநாயகனுக்கு எத்தனை காட்சி, இவளுக்கு எத்தனை, யார் பெயர் முதலில் வருகிறது. கணக்கு நேரானால் நியாயம் கிடைத்துவிட்டதாகத் திருப்தி. 2022 டிசம்பர் 30ஆம் தேதி வெளியான ‘ராங்கி’ இந்தத் திருப்தியைக் குலைக்கிறது. அதில் கதாநாயகன் என்று தனியாக யாரும் இல்லை. படம் முழுக்க த்ரிஷாதான், சண்டையும் அவருக்குத்தான். இருந்தும் வீணடிக்கப்பட்டிருக்கிறார். அப்படியானால் வீணடித்தல் என்பது என்ன? அதில் தீங்கு யாருக்கு?

கதை ஏ.ஆர். முருகதாஸுடையது. டைரக்ஷன் ‘எங்கேயும் எப்போதும்’ (2011) எடுத்த எம். சரவணன். கதைக்குள் அசலான தார்மீகப் பிரச்னை ஒன்று இருக்கிறது. தையல்நாயகி ஒரு பத்திரிகையாளர். சகோதரன் மகளின் படங்களை வைத்துத் திறக்கப்பட்ட போலி ஃபேஸ்புக் கணக்கை விசாரிக்கப் போனவள், அதே கணக்கிலிருந்து தானே பேச ஆரம்பிக்கிறாள். மறுமுனையில் வட ஆப்பிரிக்காவில் ஆயுதம் ஏந்திய ஒரு பையன், ஆலிம். அவனிடமிருந்து இவளுக்குச் செய்தி கிடைக்கிறது. அவனுக்கோ காதல். அவன் பார்ப்பது சிறுமியின் முகம். கேட்பது தையல்நாயகியின் சொற்கள்.

அவன் யாரை நேசிக்கிறான்? முகம் பொய். சொற்கள் பொய்யல்ல. பொய்ப் பெயரில் சொன்ன மெய்ச் சொல்லுக்குச் சொன்னவள் பொறுப்பாளியா? செய்திக்காக ஆரம்பித்த பேச்சு ஒரு உயிரைத் தொட்டுவிட்ட பிறகு, நிறுத்துவதும் துரோகம், தொடர்வதும் துரோகம் என்ற ஸ்திதியில் ஒருத்தி என்ன செய்வாள்? கேட்காமலே இரவல் வாங்கப்பட்ட முகத்துக்குச் சொந்தக்காரியான அந்தச் சிறுமிக்கு என்ன பதில்? படம் இவற்றைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. ஒரு முகம் இவற்றைத் தாங்கிக் காட்டினால் போதும்.

த்ரிஷாவால் அது முடியும் என்பதற்கு ‘96’ (2018) சாட்சி. அதில் ஜானு, ராமின் மாணவர்களிடம், நடக்காத ஒரு வாழ்க்கையை நடந்ததாகச் சொல்கிறாள். சொல்வது பொய். அவளுக்கு அதைவிட மெய்யானது எதுவும் இல்லை என்பது, அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நமக்குத் தெரிகிறது. உட்கார்ந்த இடத்தில், குரலை உயர்த்தாமல் அதைச் செய்கிறார். பொய்யையும் மெய்யையும் ஒரே முகத்தில் வைத்திருக்கத் தெரிந்த இந்த நடிகைக்கு, நாலு வருஷம் கழித்து அதே பிரச்னை இன்னும் கடினமான வடிவில் வந்தது. வந்த வேகத்தில் பறிபோயிற்று. அமெரிக்க அதிகாரிகள் வந்தார்கள். அயல்நாடு, பிறகு துப்பாக்கிகள்.

பெண் ஆயுதம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1937லேயே ‘மின்னல் கொடி’யில் கே.டி. ருக்மணி அதைச் செய்தாயிற்று. தமிழுக்கு ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ஆக வந்த தெலுங்குப் படம் ‘கர்த்தவ்யம்’ (1990) விஜயசாந்திக்குத் தேசிய விருதே வாங்கித் தந்தது. ஆனால் குறிபார்க்கிறவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பட்டதா, படவில்லையா. நடிப்பு என்பது ஒரு மனிதப் பிறவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தவிப்பதைப் பார்வைக்குக் கொண்டுவருவது. தேர்வு இல்லாத இடத்தில் நடிக்க ஒன்றுமில்லை, ஓடலாம், சுடலாம். ஒருத்தியிடமிருந்து அவளுடைய கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு, ஆணின் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பதைத்தான் வீணடித்தல் என்கிறேன்.

ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது, வெளியூர்களில் சண்டை இருந்தால்தான் படம் ஓடும் என்பது சினிமாக்காரர்களின் பழைய சமாதானம். நான் இதை எழுதும் சின்னசேலமும் அவர்கள் சொல்லும் வெளியூர்களில் ஒன்றுதான். இந்தக் கள்ளக்குறிச்சிச் சீமை, தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்த காலத்திலிருந்தே திரௌபதி அம்மன் கோவில்களும் பாரதக் கூத்தும் பழகிய பூமி. விடிய விடிய ஜனங்கள் பார்ப்பது சபையில் தனியாக நிற்கும் ஒருத்தியை. அந்த வேஷம் கட்டுவதும் வழக்கமாக ஓர் ஆண்தான். அவள் கையில் ஆயுதம் கிடையாது. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்ற ஒரு கேள்விதான் இருக்கிறது. பீஷ்மரே நேராகப் பதில் சொல்ல முடியாமல் தர்மம் சூட்சுமமானது என்கிறார். பதினெட்டு நாள் யுத்தம் பிறகு வருகிறது. அதற்கு அர்த்தம் அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது. ஒரு கேள்விக்காகக் கண்விழிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்துத்தான் இவர்களுக்கு எதுவும் புரியாது என்கிறார்கள்.

ஆகவே தீங்கு நடிகைக்கு மட்டும் இல்லை. த்ரிஷாவுக்கு வேறு படங்கள் வரும், நமக்கும் வரும். பொய்ப் பெயரில் மெய் பேசியவள் கேட்டவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறாள் என்ற கேள்வி மட்டும், கேட்கத் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.