நோய்க்குறியும் நாம் பட்ட கடனும்

மலேரியா இலங்கையை ஆட்டிப் படைத்த காலத்திலே, பாடசாலைகளிற் சிறுவரை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்ப்பது சுகாதாரத் துறையினரின் வழக்கமாயிருந்தது. மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கே அவ்வூரில் அந்நோய் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதற்கு அளவுகோல். 1934 - 35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. பலருக்கு வந்த நோயைப் பலரும் சேர்ந்து வென்றோம்.

ஆயின், ஊரிலே ஒரே ஒரு பிள்ளைக்கு மாத்திரம் மண்ணீரல் பெருத்து, இரத்தம் குன்றி, எலும்பு நொந்து, காரணம் புலப்படாமலே ஆண்டுகள் கழியுமாயின், அப்பிள்ளைக்குச் சமூகம் பட்ட கடன் யாது? நாம் இங்கு ஆராய விரும்பும் வினா இதுவே.

1882இல் பாரிஸ் நகரிலே பிலிப் கோஷே என்னும் இளம் மருத்துவர், 32 வயதுப் பெண்ணொருத்தியின் மண்ணீரலை ஆராய்ந்து, அதில் வழமைக்கு மாறாகப் பெருத்த கலங்களைக் கண்டார். அதனைப் புற்றுநோய் என்றே அவர் கருதினார். அது புற்றன்று, ஒருவகைக் கொழுப்பின் தேக்கமே என்பது தெளிவாக அரை நூற்றாண்டு சென்றது. அத்தேக்கத்தின் காரணத்தை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரொஸ்கோ பிறேடியும் அவர்தம் கூட்டாளிகளும் 1960களின் நடுப்பகுதியிலே கண்டனர்.

நம் உடலில் நாள்தோறும் பழைய கலங்கள் அழிகின்றன. அவற்றின் எச்சத்தை விழுங்கிச் செரிப்பதற்கென்றே சில கலங்கள் உள்ளன. அவ்வெச்சத்திலுள்ள கொழுப்பைச் சிதைக்க ஒரு நொதியம் வேண்டும். அந்நொதியம் குன்றினால், குப்பை அள்ளுபவன் கொட்ட இடமின்றித் தன் குடிசைக்குள்ளேயே அதைக் குவிப்பதுபோல, அக்கலம் தான் விழுங்கியதைத் தன்னுள்ளேயே தேக்கி வீங்குகின்றது. நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் கசக்கிய தாள் போலத் தோன்றும். இத்தகைய கலங்கள் மண்ணீரலிலும் ஈரலிலும் என்பு மச்சையிலும் நிறைவதே கோஷே நோய்.

இது பரம்பரை வழி வருவது. தாயும் தந்தையும் நோயின்றியே பழுதுற்ற பரம்பரையலகு ஒவ்வொன்றைச் சுமந்திருப்பர். இருவரும் அதனையே கையளித்தால் பிள்ளை நோயுறும். ஒவ்வொரு பிறப்பிலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மச்சானுக்கு மச்சாளை மணமுடிக்கும் நம் போன்ற சமூகங்களில், இத்தகைய ஒத்த பழுதுகள் சந்திக்கும் வாய்ப்புச் சற்று அதிகம்.

நோயைத் திட்டமாக அறியவும் மருந்தின் பயனை அளக்கவும் உடலிலே குறிகாட்டிகளைத் தேடும் பணி இன்றும் தொடர்கின்றது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டிலே, 1994இல், நோயாளரின் இரத்தத்தில் ஒரு நொதியம் பன்னூறு மடங்கு மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். கொழுப்பு நிறைந்த கலங்களே அதைச் சுரந்தன. பின்னர் நோயாளரின் மண்ணீரல் இழையத்திலிருந்து அக்கலங்களைத் தனியே வெட்டியெடுத்து, அவற்றின் புரதங்களை அயலிழையத்தின் புரதங்களோடு ஒப்பிட்டு, வேறு குறிகளையும் தேடினர். இங்கே ஒரு பாடம் உண்டு. 1994இற் கண்ட அந்த நொதியம் ஐரோப்பியரிலேயே நூற்றுக்கு ஆறு பேரளவில் பிறவியிலேயே இல்லை; ஆசிய மக்கள் சிலரிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம். அவர்களிடத்தே இக்குறி நோயை மறைத்துவிடும். ஓரினத்தாரின் உடலிலே செய்த அளவுகோல் மாந்தர் அனைவர்க்கும் பொருந்தும் எனக் கொள்வது அறிவியலிலும் பிழை, அறத்திலும் பிழை.

"ஐம்பதினாயிரம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் வரும் நோய்க்கு இத்தனை உழைப்பும் பொருளும் எதற்கு? 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே நாம் தவிக்கவில்லையா?" என்று கேட்பார் உளர். இக்கேள்வி இதயமற்றோர் கேள்வியன்று. வறிய நாட்டு வைத்தியசாலையிற் பொறுப்பேற்றவன் நாள்தோறும் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு வழமையாகக் கூறப்படும் விடை, சிலரின் நோய் பலரின் நோய்க்குத் திறவுகோலாகும் என்பது. அது உண்மையே. கோஷே நோய்க்குரிய பரம்பரையலகின் பழுது பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோயின் வாய்ப்பையும் பன்மடங்கு கூட்டுகின்றது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் 2009இல் உறுதிசெய்தன. ஆயினும் இவ்விடை நமக்குப் போதவில்லை. அப்பிள்ளையால் உலகுக்குப் பயன் ஏதும் விளையாதிருப்பின், அதனைக் கைவிடலாமோ? பயனுக்காகவே ஒருயிரை மதிப்பது சந்தையின் நியாயம், சமூகத்தின் நியாயமன்று.

அன்றியும், ஒரு பிள்ளையா பல பிள்ளைகளா என்ற இந்தப் போட்டியை ஏற்படுத்தியது யார்? இயற்கையன்று, விலை. பிறேடியின் ஆய்வு மக்களின் வரிப்பணத்தில் நடந்தது. அதன்வழி வந்த முதல் மருந்து 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மகப்பேற்றின்பின் வெளிப்படும் நச்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நொதியம். வளர்ந்த நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் நச்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. நாம் மண்ணிற் புதைக்கும் பொருள், அங்கே உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளுள் ஒன்றாயிற்று. தம் உடலின் பகுதி என்னவாயிற்று என்று அத்தாய்மாருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? பொதுப்பணம் அறிவைத் தந்தது. தாய்மார் இழையத்தைத் தந்தனர். நோயாளர் தம் மண்ணீரலையே தந்தனர். விலையை விதித்தவர் மாத்திரம் வேறொருவர்.

இன்னுமொரு வினா நம்மை உறுத்துகின்றது. மருந்து எட்டாத இடத்தில், நோயின் பெயரை மாத்திரம் சொல்வது அறமாகுமா? நோய் மூளையையும் தாக்கும் வகையாயின், அந்நொதிய மருந்தும் மூளையைச் சென்றடைவதில்லை. அப்படியாயின், அறியாமையே ஆறுதல் அல்லவா?

அல்ல என்பதே நமது துணிபு. பெயரற்ற நோய்க்கு நம் சமூகம் உடனே ஒரு பெயர் சூட்டிவிடும். கிரகதோஷம் என்போம், முன்வினை என்போம், வீட்டுக்கு வந்த மருமகளின் ராசி என்போம். பழுது இருபாலாரிடமிருந்தும் சமமாக வந்தது என்னும் உண்மை, வேறெம் மருந்தும் இல்லாவிடினும், ஒரு தாயின் தலையிலிருந்து பழியை இறக்குகின்றது. வேண்டாத சத்திர சிகிச்சைகளையும் அலைச்சலையும் தவிர்க்கின்றது. அடுத்த பிள்ளையைப் பற்றித் தெரிந்து முடிவெடுக்க வழிசெய்கின்றது. ஆனால் அதே உண்மை சம்பந்தம் பேசுவோரின் காதுக்கு எட்டினால், அக்குடும்பத்தின் குமர்ப்பிள்ளைகள் யாவரும் ஒதுக்கப்படலாம். ஆகவே குறியைக் கண்டறிவோனுக்கு அதனைக் காப்பதும் கடனாகின்றது.

இழையம் கேட்போன் எதற்காகக் கேட்கிறான் என்பதைக் கொடுப்போனின் மொழியிற் சொல்லவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடலைப் பற்றிய அறிவு உடலுக்குரியவனின் மொழியில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. விளங்காத மொழியில் எழுதிய தாளிலே பெற்ற ஒப்பம், சம்மதமன்று, கைரேகை மாத்திரமே.

குறி கண்டபின் மருந்து தருவதும் கடனே. 2014 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம், கோஷே நோயுற்ற ஏழு வயதுச் சிறுவனுக்கு அரசே மருந்தளிக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவன் தந்தை ரிக்சா இழுக்கும் தொழிலாளி. பணமில்லை என்னும் காரணத்தால் அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2021இல் இந்தியா அரிய நோய்களுக்கென ஒரு தேசியக் கொள்கையையும் வகுத்தது. அது போதுமானதன்று, ஆயினும் ஒரு தொடக்கம்.

இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் உரிமையெனப் பெற்ற மக்கள் நாம். அவ்வுரிமை பெரும்பான்மையான நோய்களுக்கு மட்டும் உரியதன்று. அன்று சிறுவரின் விலாவுக்குக் கீழே வைத்த கை, நூறு பேரை எண்ணுவதற்காக வைத்த கை. இன்று அதே கை ஒருவனுக்காகவும் நீளவேண்டும். அவனுடைய இழையத்தில் உண்மையைத் தேடும் உலகம், தேடி எடுத்ததை அவனிடமே திருப்பிக் கொணரவேண்டும். அதுவரையில் நாம் கடனாளிகளே.