மொழியின் உரிமைக்கு ஆதாரம் யாது?

ஒரு மொழி வாழ உரிமையுடையது என்பதை நாம் எதனைக் கொண்டு துணிகின்றோம்? அதன் குலத்தைக் கொண்டா, பேசுவோர் தொகையைக் கொண்டா, தொன்மையைக் கொண்டா? இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்தல் தகும்.

முதலிற் குலத்தை எடுத்துக்கொள்வோம். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்தினின்று பிறந்திருத்தல் வேண்டும் என 1786இல் கல்கத்தாவில் வில்லியம் யோன்ஸ் எடுத்துரைத்தார். தென்னிந்திய மொழிகள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816இல் எல்லிஸ் சுட்டிக்காட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவாக நிறுவினார். சொல்லையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டுக் கண்ட இவ்வுறவைச் சிலர் இரத்த உறவாகத் திரித்தனர். ஆரிய இரத்தம் என்னும் பேச்சே பொருளற்றது என மாக்ஸ் முல்லர் 1888இல் கண்டித்தார். அக்கண்டனத்தைப் புறக்கணித்த நாசிசம் இழைத்த கொடுமையை உலகறியும்.

எமது நாட்டையே பார்ப்போம். சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. ஆயினும், சிங்களவரும் தமக்கையை 'அக்கா' என்றே அழைக்கின்றனர். அவர்களது 'கடே' நமது கடையே. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சப்பாத்தை இரு சாராரும் அணிகின்றோம். குடும்பம் வேறாயினும் குடித்தனம் ஒன்றாகவே நடந்துவந்திருக்கின்றது.

இனி, தொகை. உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள் உள்ளன. மனிதகுலத்திற் பாதிப்பேருக்குத் தாய்மொழியாக இருப்பவையோ 25க்கும் குறைவான மொழிகளே. ஸ்பானிய மொழி பேசுவோரிற் பெரும்பாலார் ஸ்பெயினில் இல்லை. அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றனர். அம்மொழியின் இனிமையா அதனைக் கடல் கடத்தியது? 1492இன் பின் நிகழ்ந்த படையெடுப்பும் கொள்ளையுமே கடத்தின. தொகை, பெரும்பாலும், ஆதிக்கத்தின் வரலாறேயாகும்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டபோது, பெரும்பான்மை என்னும் வாதம் ஒருபுறம் எழுந்தது. கடலுக்கப்பால் தமிழ் பேசுவோர் பலகோடியர், சிங்களத்துக்கோ இத்தீவன்றி வேறு நிலமில்லை என்னும் அச்சமும் உடனெழுந்தது. நம்மவர் பலர் தமிழின் தொன்மையை விடையாக நிறுத்தினர். 1987இல் தமிழும் அரசகரும மொழியென யாப்பிற் சேர்க்கப்பட்டது. ஆனால் அவ்வாதங்கள் இன்னும் மாளவில்லை.

தொன்மை ஒரு மொழிக்குப் பெருமை தரலாம், உரிமை தருமா? வேடரின் பேச்சை நினைத்துப் பார்ப்போம். அதற்குப் பெருந்தொகையும் இல்லை, ஏட்டிலக்கியமும் இல்லை. உள்நாட்டிலே சிங்களத்துள்ளும், கிழக்குக் கரையிலே தமிழுள்ளும் அது கரைந்துவந்துள்ளது. தொகையும் ஏடுமே உரிமையின் அளவுகோல்களாயின், இக்கரைவு நியாயமானதே என்றாகும். அவ்வாறு கூற நம் மனம் ஒப்புமா?

தன் பிள்ளையைக் கொஞ்சவும் தன் வழக்கை எடுத்துரைக்கவும் ஒரு மொழியை நாடும் மனிதர் இருக்கின்றனர் என்பதே அம்மொழியின் உரிமைக்குப் போதிய ஆதாரம். தமிழுக்கு நாம் கேட்கும் நீதியை இவ்வாதாரத்தின் மீதே நிறுத்துவோம். அவ்வாறு நிறுத்தினால், அந்நீதியைச் சிங்கள உழவனுக்கோ வேடனுக்கோ மறுக்கும் உரிமை நமக்கு இராது.